தை வரைக்கும் ஒரு மெட்டி

மயிலாப்பூர்,
ஜூன் 12, 2024

மதிப்பிற்குரிய அய்யாதுரை அவர்களுக்கு,

கீர்த்தி எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே நீங்களும் அத்தை மாமாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

'மதிப்பிற்குரிய' என்று போட்டுவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். பேங்க் மேனேஜருக்கு எழுதுவதுபோல இருக்கிறது. வேறு என்ன போடலாம் என்று நீங்களே சொல்லுங்கள். நிச்சயத்தன்று 'எனக்குப் போனில் பேச வராது, எழுதினால் வரும்' என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி நீட்டினீர்களே, அதை நம்பித்தான் இந்த வயதில் தபால்தலை வாங்கக் கற்றுக்கொண்டேன். போஸ்ட் ஆபீஸ்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சென்னை பிடித்திருக்கிறது. இல்லை, தலைகால் புரியாமல் பிடித்திருக்கிறது! மயிலாப்பூரில் கோமளம் மாமி வீட்டு மாடியில் ஓர் அறை. மெட்ரோவுக்காகத் தெருவெல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். நேற்று போன வழியில் இன்று போக முடியவில்லை. மாமி முதல் நாளே சொல்லிவிட்டார்: "எங்காத்துல மீன் வாசனை ஆகாதுடீம்மா. குப்பத்துக்குப் போயிட்டு வந்தா பின்பக்கக் குழாய்ல குளிச்சுண்டு அப்புறமா மாடி ஏறு, என்ன?" ஆக, தினமும் இரண்டு குளியல்.

என் ஆராய்ச்சி என்னவென்று அத்தை கேட்டார்களாம். பிள்ளை பெற்றவளுக்கு என்னென்ன சாப்பிடக் கொடுக்கிறார்கள், ஏன் கொடுக்கிறார்கள் என்பதுதான். நம் அம்பாசமுத்திரத்தில் உளுந்தங்களி என்றால், பெசன்ட் நகர் கடற்கரையில் ஊரூர் ஒல்காட் குப்பத்தில் என்ன? நாளை முதல்முறையாகப் போகிறேன். ரெக்கார்டருக்கு இப்போதே புது பேட்டரி போட்டு வைத்துவிட்டேன்.

பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
கீர்த்தி


ஆரல்வாய்மொழி,
ஜூன் 24, 2024

அன்புள்ள கீர்த்திக்கு,

நலம். அம்மாவும் அப்பாவும் உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

'மதிப்பிற்குரிய' எங்கள் கம்பெனி அதிகாரிக்குப் போடுவது. அதை விட்டுவிடலாம்.

எனக்குத் திக்கும் என்று தரகர் சொல்லியிருப்பார். எவ்வளவு என்று சொல்லியிருக்க மாட்டார். நேரில் எப்படியாவது சமாளிப்பேன். போனில் 'ஹலோ'வையே தாண்ட மாட்டேன். எதிரில் இருப்பவர் ராங் நம்பர் என்று வைத்துவிடுவார். உங்கள் பெயரில் முதல் எழுத்தே எனக்கு மேடு. அன்று மேடையில் நான் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாததற்குக் காரணம் அதுதான், வேறில்லை.

நிச்சயத்தன்று கரண்ட் போனதற்கு இங்குள்ள காற்றாலைகள் அனைத்தின் சார்பாகவும் வருந்துகிறேன். இப்போது காற்று வெறி பிடித்து அடிக்கிறது. ஆவணி முடியும்வரை எங்களுக்கு லீவு கிடையாது. வேலைக்காகக் காற்றாலை உச்சியில் ஏறி நின்றால் மலையும் வயலும் தெரியும். சென்னை தெரியவில்லை. பார்த்தேன்.

குப்பத்தில் என்ன சொன்னார்கள்? எழுதுங்கள்.

அன்புடன்,
அய்யாதுரை


மயிலாப்பூர்,
ஜூலை 20, 2024

அன்புள்ள சந்திரிகா அக்காவுக்கு,

நீ, அத்தான், பிள்ளைகள் எல்லாரும் சௌக்கியமா? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் பேசினால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். அதனால்தான் உனக்கும் கடிதம். படித்ததும் கிழித்துவிடு.

குப்பத்தில் முனியம்மாள் என்று ஒருவர் மீன் விற்கிறார். அவர் சம்மதித்தால் தெருவே பேசும், அவர் முகத்தைத் திருப்பினால் தெருவே திருப்பும். நான் போய் நின்றதும் என் முகத்தைப் பார்க்கவில்லை அக்கா, காலைப் பார்த்தார். மெட்டி இல்லை. "கல்யாணம் ஆவாத பொண்ணுக்கு இன்னாத்துக்கும்மே புள்ள பெத்தவ பேச்சு? மீனு வேணும்னா வாங்கிக்கினு போ" என்று முடித்துவிட்டார். ஒரு மாதம் போனேன். ஒரு மாதமும் மீன்தான் வாங்கினேன். அதை மாமி வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது, பஸ் டெப்போ காவலாளிக்குக் கொடுத்துவிட்டு வருவேன்.

இதைப் படித்துவிட்டு என்னை அடிக்க வராதே. போன வாரம் மாட வீதி வெள்ளிக்கடையில் ஒரு ஜோடி மெட்டி வாங்கினேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் போட்டுக்கொள்வேன், திரும்பும்போது கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவேன். மஞ்சள் கயிறு கட்ட மட்டும் மனம் வரவில்லை. கழுத்தைத் துப்பட்டா பார்த்துக்கொண்டது.

முனியம்மாள் மறுபடியும் காலைத்தான் பார்த்தார். "எப்போம்மே ஆச்சு? சொல்லவே இல்ல!" என்று கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். அப்புறம் மழைதான் போ! பால் சுறா புட்டு, பூண்டுக் குழம்பு, எந்த மீன் ஆகும், எந்த மீன் ஆகாது என்று நாலு வீட்டுப் பெண்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். என் ரெக்கார்டர் நிறைந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது சந்தோஷத்தில் அழுதேன்.

"வூட்டுக்காரரு எப்படி?" என்று கேட்டார்கள். ஏதாவது பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்ததெல்லாம் அவரைப் பற்றிய உண்மை. என்ன சொன்னேன் என்று உனக்குக்கூட எழுத மாட்டேன்.

அன்புத் தங்கை,
கீர்த்தி


அம்பாசமுத்திரம்,
ஜூலை 28, 2024

ஏட்டி கீர்த்தி,

இங்கே எல்லாரும் நலம், அம்மாவின் முழங்கால் உட்பட. உன் மூளைதான் எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை.

கூறு இருக்கா உனக்கு? மாப்பிள்ளை குனிந்து போட வேண்டிய மெட்டியை டெப்போவில் நின்று நீயே போட்டுக்கொள்கிறாயாக்கும்! நம்ம ஊர்க்காரர்கள் பாதிப் பேர் தி.நகரில்தான் கடை வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு வராமலா இருப்பார்கள்? ஒருத்தர் கண்ணில் உன் கால் பட்டால் போதும். 'பொண்ணு அங்கே எவனையோ கட்டிக்கிட்டாளாம்' என்று சம்பந்தி வீட்டு வாசலில் மறுநாளே பேச்சு நிற்கும். நிச்சயத் தட்டு திரும்பி வந்தால் அம்மா தாங்க மாட்டாள்.

மாப்பிள்ளைக்கு இப்போதே எழுது. பிறர் சொல்லிக் கேட்பதற்குள் நீ சொல்லிவிடு. கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

அன்பு அக்கா,
சந்திரிகா

பின்குறிப்பு: அவரைப் பற்றி அப்படி என்னட்டி சொன்ன?


மயிலாப்பூர்,
ஆகஸ்ட் 18, 2024

அன்புள்ள அய்யாதுரை அவர்களுக்கு,

நலமா? பேப்பரில் உங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றிப் போட்டிருந்தார்கள். கோபுரத்தில் ஏறும்போது கயிற்றை நன்றாக மாட்டிக்கொள்ளுங்கள். நான் சொல்லித்தான் மாட்ட வேண்டும் என்றில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

ஒரு பெரிய செய்தி. குப்பத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்! எப்படி என்று கேட்காதீர்கள், அது தனிக் கதை, பிறகு சொல்கிறேன். இப்போது நான் போனால் உட்கார மோடா போடுகிறார்கள். நேற்று ஒரு பெண், பிறந்து சில நாளே ஆன தன் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அது என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. என் வழிகாட்டிப் பேராசிரியர் கிண்டிப் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த கூட்டத்தில் என் குறிப்புகளைக் காட்டி, "இந்தப் பெண்ணிடம் எப்படித்தான் பேசுகிறார்களோ" என்று பாராட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பால் சுறா புட்டு செய்யக் கற்றுக்கொண்டேன். தையில் கல்யாணம் ஆனதும் உங்களுக்குச் செய்து தருகிறேன்.

வேறு ஒன்றும் விசேஷமில்லை.

அன்புடன்,
கீர்த்தி


ஆரல்வாய்மொழி,
செப்டம்பர் 2, 2024

அன்புள்ள கீர்த்திக்கு,

நலம். கயிறு மாட்டிக்கொள்கிறேன். முன்பும் மாட்டினேன், இப்போது ஒருமுறை இழுத்தும் பார்க்கிறேன்.

பாராட்டியதைப் படித்து எனக்கு ஒரே சந்தோஷம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆனால் கை தட்டும்போது ஏன் தரையைப் பார்த்தீர்கள்? 'வேறு ஒன்றும் விசேஷமில்லை' என்று நீங்கள் இதுவரை எழுதியதே இல்லை. உங்களுக்கு எப்போதும் ஏதாவது விசேஷம் இருக்கும்.

கேட்காதீர்கள் என்றதால் கேட்கவில்லை. சொல்லும்போது சொல்லுங்கள்.

காற்று இறங்கத் தொடங்கிவிட்டது. அடுத்த மாதம் லீவு கிடைக்கலாம்.

அன்புடன்,
அய்யாதுரை


மயிலாப்பூர்,
அக்டோபர் 16, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியம் விசாரிக்கக்கூட கை ஓடவில்லை, மன்னித்துக்கொள்.

அவர் குப்பத்துக்கு வந்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த மாதத் தொடக்கத்தில், நான் கிண்டியில் இருந்த நாளில், என்னிடம் சொல்லாமல். மறுநாள் நான் போனதும் முனியம்மாள் எழுந்து ஓடிவருகிறார்: "உன் வூட்டுக்காரரு வந்தாரும்மே! தோ இங்கதான் குந்திக்கினு இருந்தாரு. நல்ல மனுசன்பா. நீ வர்ற வரைக்கும் இருன்னேன், ரயிலுக்கு நேரமாச்சுன்னு கையக் காட்டிட்டுப் போயிட்டாரு."

மோடாவில்கூட உட்காராமல் அப்படியே திரும்பி வந்துவிட்டேன் அக்கா. எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று நான் சொன்னதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். என்னைப் பற்றி அவர் என்ன நினைத்திருப்பார்? அன்றிலிருந்து கடிதம் இல்லை. வாரம் தவறாமல் எழுதத் தொடங்கியிருந்த மனிதர். நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. அவற்றிலும் இதைப் பற்றி எழுதாமல் மழையைப் பற்றி எழுதினேன். போன் செய்தேன், எடுக்கவில்லை. எடுத்தாலும் அவரால் பேச முடியாது என்று நானே வைத்துவிட்டேன்.

என்ன செய்யட்டும்?

கீர்த்தி


அம்பாசமுத்திரம்,
அக்டோபர் 22, 2024

கீர்த்தி,

நலம். முதலில் அழுகையை நிறுத்து, மூக்கைச் சிந்து.

சம்பந்தி வீட்டிலிருந்து இதுவரை ஒரு பேச்சும் வரவில்லை. நேற்றுகூட மாப்பிள்ளையின் அம்மா மண்டபத்தைப் பற்றிப் பேசினார்கள். அப்படியானால் மாப்பிள்ளை யாரிடமும் வாய் திறக்கவில்லை. அது கோபமா, பெருந்தன்மையா எனக்குத் தெரியாது. நீ முழுசாக எழுது. மழையைப் பற்றி எழுதினாயானால் நானே வண்டி ஏறி வந்து உன் தலையில் குட்டுவேன்.

அக்கா


மயிலாப்பூர்,
அக்டோபர் 30, 2024

அன்புள்ள அய்யாதுரை அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

நான் மெட்டி போட்டுக்கொண்டேன். கல்யாணம் ஆகாதவளிடம் அந்தப் பெண்கள் பேச மாட்டேன் என்றார்கள், அதற்காகக் கடையில் வாங்கி நானே போட்டுக்கொண்டேன். வீட்டுக்காரர் யார் என்று கேட்டபோது உங்களைச் சொன்னேன். வேறு யாரும் இல்லை, இருந்ததும் இல்லை. ஆகஸ்டிலேயே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் 'சொல்லும்போது சொல்லுங்கள்' என்று படித்த அன்றாவது சொல்லியிருக்கலாம். பயந்துவிட்டேன். நீங்கள் எழுதுவது நின்றுவிடுமோ என்ற பயத்தில் சொல்லாமல் இருந்தேன், அதனாலேயே நின்றுவிட்டது.

இந்த வாரம் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டினார். பொய் சொல்லி வாங்கிய பேச்சு ஆராய்ச்சிக்கு ஆகாது. உண்மையைச் சொல்லி ஒவ்வொருவரிடமும் மறுபடி சம்மதம் கேள், தராதவர்கள் பேச்சை எடுத்துவிடு என்றார். எல்லாரும் மறுத்தால் என் ஐந்து மாத உழைப்பும் போயிற்று.

போய்ச் சொன்னேன். முனியம்மாள் முன்னால் நின்று, "யக்கா, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை, மெட்டி பொய்" என்றேன். விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்! "புருசன் பொஞ்சாதி சண்டையா? வந்த மனுசன நீ இல்லாம அனுப்பிட்டோம்னு கோவமா? எல்லாம் சரியாப்பூடும், போ" என்று கையில் வஞ்சிரத் துண்டைத் திணிக்கிறார்கள். எத்தனை முறை சொல்லியும் நம்பவில்லை. பொய்யை ஒரே நாளில் நம்பினார்கள். உண்மையை ஏன் நம்ப மாட்டேன் என்கிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

இதைப் படித்துவிட்டு இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று தோன்றினால் நேராக எழுதிவிடுங்கள். ஆனால் அப்படித் தோன்றக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் இதைத் தபாலில் போடுகிறேன்.

கீர்த்தி


ஆரல்வாய்மொழி,
நவம்பர் 8, 2024

அன்புள்ள கீர்த்திக்கு,

நலம். 'நீங்கள்' என்று ஆரம்பித்த தாள்களையெல்லாம் கிழித்துவிட்டேன். இனி 'நீ'. ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கவும்.

அன்று நடந்தது இதுதான். உன்னைத் திடுக்கிட வைக்கலாம் என்று எழும்பூரில் இறங்கி நேராகக் குப்பத்துக்கு வந்தேன். மீன் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் "கீ" என்று தொடங்கினேன். வழக்கம்போல அங்கேயே நின்றுவிட்டது. அவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "தே, நீ கீர்த்தி வூட்டுக்காரர்தானே?"

எப்படித் தெரியும் என்று கையால் கேட்டேன். "பேசறச்சே நின்னு நின்னு வரும்னு சொல்லிக்கீதே" என்றார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு எரிந்தது. 'வீட்டுக்காரர்' என்று சொன்னதுகூட மண்டையில் ஏறவில்லை. என் திக்கலைக் கடற்கரை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாளே என்பதுதான் ஏறியது. திரும்பி நடந்தேன். அவர்கள் பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தார்கள்:

"நின்னு வந்தாலும் அவரு வாயில பொய்யே வராது யக்கான்னு சொல்லிச்சு. நிச்சயத்தன்னிக்குக் கரண்ட் பூட்ச்சாமே? அவனவன் தனக்குத்தான் விசிறிக்கினு இருந்தானாம். நீ தாம்பாளத்த எடுத்து மாமியாருக்கு விசிறிக்கினு இருந்தியாம். அதப் பாத்துட்டுத்தான், இனிமே யாரு வேணாம்னாலும் இவருதான்னு முடிவு பண்ணிச்சாம்."

கீர்த்தி, நான் விசிறியதை யாரும் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் மறுபடி கேட்டார்கள்: "இன்னா, கீர்த்தி வூட்டுக்காரர்தானே நீ?"

"ஆமா" என்றேன்.

திக்கவே இல்லை. முக்கியமான எந்த வார்த்தையும் என் வாயில் அப்படி வந்து விழுந்ததில்லை. நானே மிரண்டுபோய் ரயிலைச் சாக்கு வைத்து எழுந்துவிட்டேன். இப்போது தெரிகிறதா, நீ உண்மையைச் சொன்னபோது அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று? நான்தான் சாட்சி சொல்லிவிட்டு வந்திருக்கிறேனே.

எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இரண்டு. ஆகாத கல்யாணத்துக்கு ஆமாம் போட்ட வெட்கம் ஒன்று. மற்றது, நீயாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தது. உன் மழைக் கடிதங்கள் வந்தபோது கொஞ்சம் வலித்தது. இந்தக் கடிதம் வந்ததும் போய்விட்டது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கழுவிய பாத்திரங்களையே மறுபடி எடுத்துத் தேய்த்தாள். மறுநாள் காலையில் காபியை வைத்துவிட்டு, "அவ விரல் அளவு என்னன்னு கேளுல, நாம எடுக்கிறது சரியா இருக்கணும்" என்றாள்.

என் வாயில் பொய்யே வராது என்று சொல்லி வைத்திருக்கிறாய். ஒன்று வந்துவிட்டது. ஆனால் அது தை வரைக்கும்தான் பொய்.

உன்,
அய்யாதுரை


மயிலாப்பூர்,
நவம்பர் 20, 2024

என் அன்புள்ள அய்யாதுரைக்கு,

நான் மிக மிக நலம். ஆட்சேபம் எதுவும் இல்லை.

உங்கள் கடிதத்தைக் கோமளம் மாமி வீட்டு வாசலிலேயே நின்று படித்தேன். நான் அழுவதைப் பார்த்து மாமி பயந்து, "ஏண்டீம்மா, ஊர்ல யாருக்காவது ஏதாவதா?" என்றார். கட்டிப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் குப்பத்திலிருந்து வந்திருந்தேன், இன்னும் குளிக்கவில்லை. மாமி மறுபடி குளிக்க வேண்டியதாகிவிட்டது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். 'ஆமா' வரை சத்தமாக வாசித்தேன். முனியம்மாள் சிரிக்கவில்லை. "அப்போ மெய்யாலுமே ஆவலியா? ரெண்டு பேரும் சேந்துக்கினு எங்கள ஏமாத்தினீங்களா?" என்று கேட்டார். நறுக்கிக்கொண்டிருந்த மீனை அப்படியே தட்டில் போட்டுவிட்டார். எனக்குப் பேராசிரியர் திட்டியதைவிட அது அதிகமாகச் சுட்டது. மன்னித்துவிடுங்கள் என்று சொல்லி அழுதேன். ஒரு பெண் எழுந்து, "என் பேச்ச எடுத்துடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் முன்னாலேயே அழித்துவிட்டேன். குழந்தையை என் மடியில் வைத்தவள் அவள்தான். இன்னும் என்னோடு பேசவில்லை. மற்றவர்கள் யோசித்தார்கள். அடுத்த நாள் வரச் சொன்னார்கள். போனேன், எங்கள் பேச்சை வைத்துக்கொள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் முனியம்மாள் கையை நீட்டினார். "கழட்டு." அவர்கள் நம்பாததால் இன்னும் காலில் கிடந்த இரண்டு மெட்டியையும் அந்த மணலில் நின்றே கழற்றிக் கொடுத்தேன். கடல் தண்ணீரில் அலசி, முந்தானையில் முடிந்துகொண்டார். "கண்ணாலத்துக்கு நான் கொண்டாறேன். அவரு கையால போடட்டும். அப்பால வந்து மீதியக் கேளு, சொல்றேன். இன்னும் நெறைய கீது."

அதனால் அத்தையிடம் சொல்லுங்கள்: மெட்டி எடுக்க வேண்டாம், அளவும் வேண்டாம். தை மாதம் அது முனியம்மாள் முந்தானையில் ரயில் ஏறி அம்பாசமுத்திரம் வருகிறது. கூடவே ஒரு பெட்டி நிறைய குப்பத்து ஆட்களும் வருகிறார்கள், பந்தியில் இடம் போட்டு வையுங்கள்.

ஒரே ஒரு விண்ணப்பம். மெட்டி போடக் குனியும்போது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். முதல் எழுத்தில் நின்றால் நிற்கட்டும். ஐயர் அவசரப்படுவார், அக்கா சிரிப்பாள், நாயனக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நிற்கட்டும். முழுப் பெயரும் வந்து சேரும்வரை நான் காலை எடுக்க மாட்டேன்.

உங்கள்,
கீர்த்தி